ஆத்தூர் பஸ்ஸுக்காக எழுதிய கமென்ட்

திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த மென்பொருள் அலுவலகத்தில்தான் எனக்கு முதல் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. காந்திகிராமத்தில் என்னோடு படித்த தோழியும் அங்கேயே சேர்ந்தாள். சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தோம்.

ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உண்டு. ஷிப்ட் எத்தனை மணிக்கு, ஆள் எத்தனை நிமிடம் தாமதமாக வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வரிகளுக்கு மேலே கமென்ட் எழுதலாம். கணினி அதைக் கண்டுகொள்ளாது; பின்னால் அந்தக் கோப்பைத் திறக்கப்போகும் ஆளுக்காக எழுதுவது அது. நான் ‘தாமத அனுமதி, நிமிடத்தில்’ என்று எழுதுவேன். அவளுக்குச் சிரிப்பு வரும்.

“கீழ உள்ள வரியே அதத்தான சொல்லுது. எதுக்கு இம்புட்டு நிமிசம்னு எழுது புள்ள.”

வத்தலக்குண்டு சாலை மில்லுக்கு மட்டும் இருபது நிமிடம். காரணம் அவளுக்கு வீட்டிலேயே தெரியும். அவளுடைய அம்மா அந்த மில்லில்தான் வேலை பார்த்தார். ஆத்தூர்ப் பக்கமிருந்து காலையில் வருவது ஒரே பஸ். எட்டு மணி ஷிப்டுக்கு அது எட்டே காலுக்குத்தான் மில் வாசலில் நிற்கும். அப்போதிருந்த மேனேஜர் அதை ஒத்துக்கொண்டு இருபது நிமிடம் விட்டிருந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அவள் எல்லாவற்றையும் கமென்ட்டாக எழுதி வைத்தாள்: ஆத்தூர் பஸ் எட்டே காலுக்குத்தான் வரும், வேறு பஸ் கிடையாது, அதில் வரும் பெண்களிடம் கேட்காமல் குறைக்க வேண்டாம்.

முதல் தடவை எழுதும்போது நடுவில் இரண்டு சின்னக் கோடுகளைச் சேர்த்துப் போட்டுவிட்டாள். கமென்ட்டுக்குள் அப்படி வரக்கூடாதென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மறுநாள் காலையில் மில்லில் மென்பொருள் திறக்கவில்லை. கேட்டில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் முதலாளி கூப்பிட்டார்.

“கம்ப்யூட்டரே படிக்காதத எதுக்கும்மா எழுதுறீங்க? அம்புட்டு நேரம் கிடக்கா?”

அவள் கோடுகளை மட்டும் எடுத்தாள். வார்த்தைகளை விட்டுவைத்தாள்.

பிறகு பெங்களூரில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். மில்காரர்கள் கோப்பைத் தொடாமல், திரையிலேயே எண்ணை மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும் என்றார் முதலாளி. அதைச் செய்தவர் வேறொருவர். சரிபார்க்கும் வேலை எனக்கு. ‘சேமி’ என்பதை அழுத்தியதும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. ஒரு கமென்ட்கூட மிஞ்சவில்லை.

“சார், கமென்ட் எல்லாம் போயிருது.”

“போனா என்ன?”

“காரணமெல்லாம் அதுலதான் சார் இருக்கு. திரையிலயே காரணம்னு ஒரு கட்டம் வச்சிரலாம்.”

“எந்த மேனேஜர் உக்காந்து அத நிரப்பப் போறாரு? அனுப்பிருங்கம்மா.”

அனுப்பினோம். சில மாதங்களில் அந்த மில்லுக்குப் புது மேனேஜர் வந்தார். அதன்பின் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் தோழியின் அம்மாவைப் பார்த்தேன். பூக்கடைப் பக்கமாக நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“எட்டு அஞ்சுக்கு மேல போனா அரை நாள் வெட்டுங்குறாங்கம்மா. பஸ்ஸு வந்தாத்தான நாங்க வர முடியும்? எம்மக எழுதி வச்சிருக்கேன்னுச்சே. இல்லையா?”

“இருந்துச்சும்மா.”

அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸைப் பார்த்துப் போனார்.

அந்த வாரமே மில்லுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

“இருபதுன்னு கிடந்துச்சு. எதுக்குன்னு ஒண்ணும் போடல. யாரோ தப்பா அடிச்சிருக்காங்கன்னு அஞ்சாக்குனேன்.”

“ஆத்தூர் பஸ்ஸுக்காக சார். எழுதித்தான் இருந்துச்சு.”

“எங்க?”

திரையில் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

“முந்தின பஸ்ஸுல வரச் சொல்லுங்க” என்றார்.

“முந்தின பஸ் கிடையாது சார்.”

“அதுக்கு மில்லு என்னம்மா செய்யும்?”

எண்ணை மாற்றும் உரிமை எனக்கில்லை. கோப்பைத் திறந்து, நினைவிலிருந்த வரையில் அவளுடைய வார்த்தைகளைத் திரும்ப எழுதினேன். அடுத்த முறை போனபோது அவை இல்லை. நடுவில் யாரோ ஏதோ ஒரு விடுமுறை நாளை மாற்றிச் சேமித்திருந்தார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி போயிற்று. நிற்காதென்று தெரிந்தும்தான் எழுதினேன். சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து தோழிக்குப் போன் செய்தேன்.

“விடு புள்ள. அம்மா மில்லுல இருந்து நின்னுட்டாங்க. தோட்டத்துல பூ எடுக்கப் போறாங்க” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு குறைந்துபோயிற்று.

பின்னால் மில் வளாகத்துக்குள் ஒரு விடுதி கட்டினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து சின்னச் சின்னப் பெண்களைக் கூட்டிவந்து தங்கவைத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வேலையிலிருந்து நின்றார்கள். மேனேஜர் என்னை வரச்சொன்னார்.

“இனிமே லேட்டுங்கிற பேச்சே இல்லம்மா. அந்த வரியவே எடுத்துருங்க.”

எடுத்தேன். அவர் கணக்குப்படி அது சரிதான்; அந்த வரியை நம்பி அங்கே யாரும் இல்லை. ஷிப்ட் மாறும் நேரம். விடுதியிலிருந்து அந்தப் பெண்கள் ஷெட்டுக்கு நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது. மில்லின் வெளிக் கேட் பூட்டியிருந்தது. “டீ சொல்லிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க” என்றார் மேனேஜர்.