பிளிமத்தின் பின்சீட்டு

அந்த வீட்டில் மழைக்குக் கோட்டு போட்டுக்கொள்ளும் வசதி காருக்கு மட்டும்தான் இருந்தது. வானம் லேசாகக் கறுத்தால் போதும், செமிலிங் ரஃபேல் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். கொடியில் காயும் துணி நனையும். அதை எடுக்க ஓடிவரும் அவர் மனைவி எவலின் நனைவாள். ரஃபேலும் தெப்பமாக நனைவார். பிளிமத் மட்டும் நனையாது.

"எனக்கும் பின்னால ரெண்டு ரெக்கை வச்சு, மூஞ்சில வெள்ளி பூசியிருந்தா ஏமி அப்பா என்னையும் மூடி வச்சிருப்பாரு," என்பாள் எவலின். ஏமி அவர்களுடைய ஒரே மகள். கூலிம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவும் அப்பாவும் காரை வைத்துப் போட்டுக்கொள்ளும் சண்டையைக் கேட்டுத்தான் அவள் பேசவே கற்றுக்கொண்டாள்.

காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காக்காரன் செய்தது. முன்பக்கம் கேட்டுக்குள் நுழைந்து வெகுநேரம் கழித்துத்தான் பின்பக்கம் வந்து சேரும். பின்னால் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும் ரெக்கைகள். கியர் தரையில் கிடையாது, ஸ்டீயரிங்கின் கழுத்திலேயே இருக்கும். பெட்ரோல் குடிப்பதில் சம்பள நாளன்று கள்ளுக்கடைக்குப் போனவன் தோற்றான்.

ரஃபேல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார். செம்மண் சாலையில் அது வரும் சத்தம் கேட்டால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடுவார்கள். கிடைப்பது வாய் நிறையத் தூசி. ஆனாலும் துரை கார் கிளப்பும் தூசிக்குத் தனி ருசி என்றுதான் அவர்களுக்குள் பேச்சு. கணக்கெழுதும் கிராணியிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. நாலு பேர் தள்ளினால் கிளம்பும், ஏற்றம் வந்தால் கிராணியும் இறங்கித் தள்ளுவார். பாதரிடம் ஒரு ஸ்கூட்டர். பூசைக்கு வரும்போது அது வழியில் நின்றுவிட்டால் பாவமன்னிப்பு கேட்க வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் லாபம்.

மற்ற எல்லாருக்கும் தோட்டத்து லாரிதான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெயில் ஏறினால் ரப்பர் பால், சனிக்கிழமை படம் பார்க்கப் போகும் கூட்டம். ஆள் செத்தால் பெட்டியும் அதில்தான். மறுநாள் அதே லாரியில் கல்யாணப் பெண் ஏறுவாள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் சரியாய்ப் போய்விட்டது. எவலின் மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு லயத்துக்கு வந்ததும் அந்த லாரியில்தான். வெள்ளைக் கவுனில் ரப்பர் பால் ஒட்டி, காய்ந்து, கடைசிவரை போகவில்லை. "பால் லாரில வந்தவதானே நானு," என்று அவள் ஆரம்பித்தால் ரஃபேல் செருப்பைத் தேடுவார், வெளியே போவதற்கு.

பிறகு துரை போனார். தோட்டத்தை வெட்டித் தாமான் என்று வரிசை வரிசையாக வீடுகள் கட்டினார்கள். லாரியை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிளிமத் ஒரு சீனத் தவுக்கை முதலாளியிடம் போய், கடைசியில் பீடோங்கில் ஒரு கொட்டகைக்குள் கோழி முட்டையிடும் இடமாக ஆகிவிட்டது. கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ரஃபேல் ஒருநாள் கோழிகளுக்கு நடுவே அந்த ரெக்கையைப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோழிகளை விரட்டிக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை ஓடவைப்பதற்குள் அவர் தலைமுடி போய்விட்டது. சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு தொங்கியது. எவலின்தான் தன் தையல் மெஷினில் ஊசி ஊசியாக உடைத்து, வெண்ணெய் நிற ரெக்ஸினில் புது உறை தைத்துப் போட்டாள்.

அப்புறம் பிளிமத் கல்யாண வண்டி ஆனது. செமிலிங், பீடோங், யான் வரைக்கும் போகும். சாமி கும்பிடுகிற கல்யாணம், சர்ச் கல்யாணம், வயல்காட்டு மலாய்க்காரர் கல்யாணம், எதற்கும் பேதமில்லை. ஆனால் பேச வருகிற தமிழ் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இதுல யாரும் செத்தது கித்தது இல்லியே?" பிணம் ஏறின வண்டியில் பெண் ஏறமாட்டாள். அந்த லாரிக் காலம் எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. அதனால் ரஃபேல் ஒரு சட்டம் வைத்திருந்தார். பிளிமத்தில் நோயாளி ஏறக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்கூட அது போகாது. அவருக்கே ஒருமுறை நெஞ்சு அடைத்தபோது பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளில்தான் போனார்.

ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் பின்சீட்டைத் துடைப்பது எவலின். மல்லிகை, கொண்டை ஊசி, மஞ்சள் அரிசி. ஒருமுறை யாரோ ஒரு பெண்ணின் ஒட்டு இமை கிடந்தது. பூரான் என்று நினைத்து செருப்பால் அடித்துக் கொன்றுவிட்டாள். ஆனால் அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போவது ரஃபேலின் மோட்டார் சைக்கிளில். ஒருதரம் ஆசையாகக் கேட்டபோது, "சீட்டு சுருங்கிடும் எவி," என்று சொல்லிவிட்டார். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

கேட்டது, ஈரலில் கட்டி என்று சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான்.

டாக்டர் சின்னப் பெண். இனிமேல் இங்கே செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். எவலின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், டாக்டர் போனதும் திறந்தாள்.

"ஏமி அப்பா, வீட்டுக்குப் பிளிமத்துல போலாமா?"

ரஃபேல் தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகினார். "இந்த சனிக்கிழமை அம்மாசி மவளுக்குக் கல்யாணம் லா. வாசுகிக்கு."

"தெரியும். நான்தானே ரிப்பன் வாங்கி வச்சேன்."

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன். நல்லா சுத்திட்டு வரலாம். யான் வரைக்கும் போவோம்."

"இன்னிக்குப் புதன்."

"நாலு நாளு என்ன பெரிய..."

எவலின் அவரையே பார்த்தாள். முகம் மஞ்சளாகி, கண்கள் மட்டும் பழையபடி குறும்பாக இருந்தன. "வண்டிக்குள்ள செத்துருவேன்னு பயமா?"

"சே. என்ன பேச்சு இது."

"பயப்படாதீங்க. வீடு வர்ற வரைக்கும் மூச்சப் புடிச்சுக்கிறேன்."

மகள் ஏமி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். "டேடி, எடுத்துட்டு வாங்க டேடி. அரை மணி நேரம்தான்."

ரஃபேலும் யோசிக்காமல் இல்லை. கார் பார்க் வரை நடந்தார். அம்மாசி அவரோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன், தூசி தின்றவன். மகள் பிளிமத்தில்தான் இறங்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நடுவழியில், அந்த வெண்ணெய் நிறச் சீட்டில் எவலினுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வண்டி கெட்டுப்போகும் என்று மனசு சொன்னது. அப்படி நினைத்ததற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனை எடுத்து, தர்ம சங்கத்து ஆம்புலன்ஸ் வேனைத்தான் கூப்பிட்டார்.

வேனில் ஜன்னல் கண்ணாடிக்குச் சாயம் அடித்திருந்தது. ஜெராய் மலை வருகிற இடத்தில் எவலின் தலையைத் தூக்கப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வேகத்தடையில் வேன் ஏறி இறங்கும்போதெல்லாம் வேனின் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ரஃபேல் அவள் கையைப் பிடித்திருந்தார். கை கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

வீட்டில் அவளை ஹாலில் படுக்கவைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளிமத்தின் ஒரு ரெக்கை தெரியும். வெள்ளிக்கிழமை காலை ரஃபேல் வெளியே பம்பருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அதில் அவர் முகமே கோணல்மாணலாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து ஏமி கூப்பிட்டாள். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது. பாலிஷ் துணியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனார்.

மத்தியானம் பந்தல் போட்டு நாற்காலிகள் வந்து இறங்கின. ஜெபமாலை சொல்லும் பெண்கள் வந்தார்கள். தாமான் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜக்கரியா ஒரு பெரிய கேத்தலில் பால் விடாத தே ஓ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே பிளாஸ்டிக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாசி வந்தார். மகளுக்கு மறுநாள் கல்யாணம், சாவு வீட்டுக்கு வரக்கூடாது. ஆனாலும் வந்தார். பந்தலுக்குள் நுழையாமல் கேட்டுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஃபேல் எழுந்து அவரிடம் போனார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி வந்துரும் அம்மாசி. நான் வர முடியாது. வேற டிரைவர் சொல்லிட்டேன்."

அம்மாசி தரையைப் பார்த்தார். "அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ள வீட்டுல வேற வண்டி சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"ஏன்னா... சாவு வீட்டு வண்டின்னு..."

"அவ அந்த வண்டில ஏறவே இல்லடா. வேன்லதான் கூட்டிட்டு வந்தேன். சீட்டத் தொடக்கூட இல்ல."

"தெரியும்ணே," என்றார் அம்மாசி. "வண்டி இந்த வீட்டு வாசல்லதானே நிக்குது."

ரஃபேல் திரும்பிப் பார்த்தார். பிளிமத் வாசலில்தான் நின்றது. இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். சாவு விழுந்த வீட்டிலிருந்து ஒரு தாம்பாளம்கூடக் கல்யாணத்துக்குப் போகாது. ரஃபேலே எத்தனையோ வீடுகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். வண்டிக்குள் செத்தால் தீட்டு என்று கணக்குப் போட்டவருக்கு, வீட்டில் செத்தாலும் தீட்டுதான் என்று தோன்றவே இல்லை. எவலின் வீட்டில் சாவாள் என்பதையே அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் எங்கே சாகக்கூடாது என்று மட்டும்தான் நினைத்திருந்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. பார்த்தவர்கள் அழுகிறார் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்தார்கள். உட்காருவதற்குள் அவர்கள் நினைத்தது நிஜமாகிவிட்டது.

மறுநாள் சவ வண்டி வந்தது. பெட்டியை ஏற்றியதும் ஏமி கேட்டாள். "டேடி, பின்னால பிளிமத்த எடுத்துட்டு வரலாமே. மம்மிக்குப் புடிக்கும்."

"உசுரோட கேட்டா. எடுக்கல. இப்ப எடுத்து யாருக்குக் காட்டுறது?"

ஏமி அவரைத் தேற்றவில்லை. சவ வண்டி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ரஃபேல் பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டார். பிளிமத் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், ஜக்கரியா கடையில் ரஃபேல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். யானிலிருந்து ஒரு பையன். அக்காவுக்குக் கல்யாணம், பழைய அமெரிக்கன் கார்தான் வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். படத்தில் பார்த்தார்களாம், ரொம்ப அழகாம்.

"அழகுதான்," என்றார் ரஃபேல்.

"எங்க பாட்டி ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க அங்கிள்..."

"கேக்கவே வேணாம் தம்பி. பொணம் போன வண்டி. போன மாசம் என் பொண்டாட்டி போனா, இதுலதான்."

"சாரி அங்கிள்," என்று பையன் வைத்துவிட்டான்.

ஜக்கரியா மேசை துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்து நின்றார். "ஏன்யா ரஃபேலு, சவ வண்டிக்குப் பின்னாலயே நான் மோட்டார்ல வந்தேன். இவன்கிட்ட எதுக்குப் பொய் சொல்ற? இனிமே ஒருத்தன் கூப்பிட மாட்டான்."

"கூப்பிடாட்டிப் போறான்."

"உனக்குத்தான்யா நஷ்டம்."

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது என்று ரஃபேல் புகார் சொன்னார். ஜக்கரியா திட்டிக்கொண்டே வேறு ஆற்றிக் கொடுத்தார்.

செய்தி பரவ ஒரு வாரம் போதாதா என்ன. செமிலிங்கில் கிளம்பியது மெர்போக் போய்த் திரும்பி வரும்போது கொழுத்துவிட்டிருந்தது. பிணத்தை ஏற்றினார் என்று போனது, உயிரோடு ஏற்றினார், வீடு வந்து சேருவதற்குள் பின்சீட்டிலேயே உயிர் போய்விட்டது என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. ரஃபேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் பிளிமத்தை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். தனியாக. மோட்டார் சைக்கிளை ஏமியிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, புதிதாகக் குடிவந்த வீட்டுச் சின்னப் பெண் ஒன்று பின்கதவைத் திறந்து சீட்டில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா ஓடிவந்து பிள்ளையைப் பிடித்து இழுத்து, தோளில் ஒரு அடி வைத்தாள். அப்போதுதான் ரஃபேல் நிற்பதைப் பார்த்தாள்.

"சாரி அங்கிள். தெரியாம ஏறிட்டா." பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள்... ஆன்ட்டி இதுலயேதான் தவறிட்டாங்களாமே. ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வர்ற வழியில."

ரஃபேல் சீட்டில் பதிந்திருந்த சின்னக் கால் தடத்தைப் பார்த்தார். துடைக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

"ஆமாம்மா," என்றார். "ஜன்னல இறக்கி விடச் சொன்னா. ஜெராய் மலை தெரியிற வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா."