சாவிப் பயிருக்குக் காவல்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். எழுமலைக்குக் கிழக்கே எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு துண்டு நஞ்சை. அந்த வருஷம் கண்மாய் பெருகவில்லை. கதிர் வாங்கும் முன்னே நெல் காய்ந்துபோனது. அப்படிக் காய்ந்ததைச் சாவி என்போம்.

முழுச் சாவி என்று தாலுகா ஆபீசர் பார்த்து எழுதினால் சர்க்கார் நிலத் தீர்வையை வாங்காமல் தள்ளிக் கொடுக்கும். அவர் வரும்வரை பயிர் நின்றபடி நிற்க வேண்டும். தாளை அறுத்தால் வெள்ளாமை எடுத்ததாகக் கணக்கு. தீர்வை கட்ட எங்களிடம் வழியில்லை. கட்டாவிட்டால் மாட்டை ஜப்தி செய்வார்கள்.

அந்த மாட்டுக்குத்தான் தீவனம் இல்லை. வைக்கோல் படப்பு தீர்ந்தது. கூரையில் வேய்ந்திருந்த பழைய வைக்கோலை உருவிப் போட்டோம். வயல் பக்கமிருந்து காற்று அடித்தால் இரண்டு காளையும் கத்தும்.

ஊர்க்கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளையிடம் போனேன்.

"ஆபீசர் எப்ப வாராரு அய்யா?"

"வருவாரு. உனக்கு மட்டுமா வாராரு? அம்புட்டு ஊரும் பாக்கணும்ல."

"மாடு படுத்துரும் போலருக்கு."

"ஒரு கட்டு அறுத்தாலும் அறுப்புத்தான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

ஊர் மாடு இறங்கிவிடாமல் வரப்பில் காவல் இருந்தேன். பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மாப்ள, சாவிக்குக் காவலா? களவாணி வந்தா உனக்குக் கஞ்சி ஊத்திட்டுல்ல போவான்."

அவர் வயலும் அப்படித்தான் நின்றது. சிரித்தோம்.

வீட்டுக்காரி அரிவாளைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

"மாடு செத்தா அதை யாரு தள்ளிக் குடுப்பா?" என்றாள்.

ஒரு காளை படுத்தது. வாலைத் திருகியும் எழவில்லை. அப்புறம் மழை பெய்தது. ஊரே வாசலில் நின்று நனைந்தது. நான் மட்டும் மழை நிற்கட்டும் என்று கும்பிட்டேன். காய்ந்த தூரில் தண்ணீர் பட்டால் அடியில் பச்சை வெடிக்கும். நெல் வராது, வெறும் தழை. எட்ட நின்று பார்த்தால் பயிர் மாதிரி இருக்கும்.

வெடித்தது. வரப்பிலும் புல் தலை காட்டியது, மாட்டு வாய்க்குச் சிக்காத புல்.

அதற்குப் பிறகுதான் ஆபீசர் வந்தார். சேற்றில் இறங்கவில்லை. குடையோடு பாதையிலேயே நின்றார்.

"பச்சையா இருக்கேய்யா."

"அது அடியில வெடிச்ச தழை சாமி. கதிர் வராது."

"கண்ணுல தெரியுறதைத்தான்யா எழுத முடியும்."

கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஆபீசர் வண்டியேறிப் போய்விட்டார்.

அரிவாளோடு இறங்கினேன். இனி காக்க ஒன்றுமில்லை. பச்சையாகப் பார்த்து அறுத்துக் கொண்டுபோய்ப் படுத்த காளையின் வாயருகே வைத்தேன். மோந்து பார்த்தது. வீட்டுக்காரி வாயைப் பிளந்து ஊட்டினாள். மெல்லவில்லை. தழை வாயிலேயே இருந்தது.

மிச்சத்தை மற்றக் காளைக்கு அள்ளிப் போட்டாள். தீர்வைக்கு அதைத்தான் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"தின்னட்டும்" என்றாள். நான் அடுத்த கட்டு அறுக்கப் போனேன்.