மங்களத்தின் வெந்நீர்த் தொட்டி

நாச்சாரத்து மூலிகை மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்தே மங்களத்துக்கு எலியின் மெல்லிய ரத்தக்குழாய்களோடுதான் குடித்தனம். குழாயை வளையமாக நறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி, மருந்து விட்டால் அது இறுகும். கருவியில் கோடு ஏறும். பிறகு செம்பருத்திச் சாறு. குழாய் மனமிரங்கித் தளர்ந்தால் கோடு இறங்கும். மாட்டும்போது கம்பி உள்பக்கம் உரசினால் போச்சு, எந்தச் சாற்றுக்கும் அது இளகாது.

வளையத்தின் உயிர் போகாமலிருக்கப் பக்கத்திலேயே உடம்புச் சூட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கருவிகளைப் பழுதுபார்க்கும் தேவராஜ் அதில்தான் தன் சாம்பார் சாத டப்பாவைச் சூடாக்குவார். அதைப் பார்த்துவிட்டு மங்களம் தாம்தூம் என்று குதித்தாள். எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். மனிதர் அசரவில்லை. ஏ.சி. குளிரில் அவள் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைக் கவனித்துவிட்டு, "உங்க விரல்லயும் அதே குழாய்தாங்க இறுகுது. கைய முக்குங்க," என்றார்.

அவள் முக்கவில்லை. விதி என்றால் விதிதான். அவரைக் கல்யாணம் மட்டும் செய்துகொண்டாள். ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் தினமும் அவள் விரல்களைத் தேய்த்துவிட்டபடியே வருவார். போன மார்கழியில் இறந்துபோனார். அதிலிருந்து அவளுக்கு எந்நேரமும் குளிர்தான்.

இன்று பணி ஓய்வு. கடைசி வளையத்தைத் தன் கையால் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விரல்களோ காலையிலிருந்தே வெளுத்துக் கிடந்தன. இடுக்கி பிடிபடவில்லை. ஒரு வளையத்தை உரசிக் கெடுத்துவிட்டாள். மிச்சம் ஒன்றுதான்.

"ஏன்க்கா கஷ்டப்படறீங்க, நான் மாட்டிடறேன்," என்றாள் உடன் வேலை செய்யும் பூர்ணா.

"நக்கோ பூர்ணா, வேணாம். இத நான்தான் மாட்டணும்."

மங்களம் தொட்டியைப் பார்த்தாள். வளையல்களை மேலே தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் தண்ணீரில் முக்கினாள். விரல் நுனிகள் குறுகுறுத்து மெல்லச் சிவந்தன. அப்படியே அவருடைய கைச்சூடு. இதற்கா இத்தனை வருஷம் வீம்பு பிடித்தோம் என்று அழுகை முட்டியது.

கைகளைத் துடைத்துக்கொண்டு வளையத்தை மாட்டினாள். உரசவில்லை. மருந்துக்குக் கோடு ஏறியது. செம்பருத்திச் சாற்றை விட்டாள்.

"இறங்குதுக்கா," என்றாள் பூர்ணா.

மங்களம் பையிலிருந்து சாம்பார் சாத டப்பாவை எடுத்துத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினாள்.