எழுத்தறியாதவர் வெட்டிய காசு

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் ஒரு நகைக்கடையில் பெயர் பொறிப்பது என் வேலை. போன வசந்தத்தில், பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் போலந்துக்காரப் பெண் ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவந்தாள். இறந்துபோன தகப்பனின் பெட்டியில் கிடந்ததாம். போலிக் காசு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் அப்பாவின் நினைவாக அதில் துளையிட்டு மகளுக்குப் பதக்கமாகப் போட வேண்டும் என்றாள்.

நகத்தளவு மெல்லிய காசு. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் கூரைபோல ஒன்று, சுற்றிவர எழுத்துகள். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அவை எழுத்துகளே அல்ல. வெறும் கோடுகள், ஆப்புகள், வட்டங்கள்.

அவள் போனபின் முதலாளியும் பார்த்தார். "கள்ளக்காசுதான் தங்கச்சி. ஓட்டையைப் போட்டுக் குடுத்துவிடும்."

"இல்லை அண்ணை. கள்ளன் எண்டால் எழுத்தைச் சரியா வெட்டியிருப்பான். இதை வெட்டின ஆளுக்கு வாசிக்கத் தெரியாது. கை மட்டும் நல்ல கை."

எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். பாரிசுக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாது. துண்டுச்சீட்டில் எழுதித் தரும் பெயரைப் படமாகப் பார்த்து மோதிரத்தில் வெட்டினேன். ஒருமுறை N இடவலம் மாறிப் போய், மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அர்த்தம் தெரியாத கை இடைவெளியை அளந்து அளந்து வெட்டும். அந்தக் காசின் கோடுகளும் அப்படித்தான் அளந்து வெட்டப்பட்டிருந்தன.

துளையிட மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு சனிக்கிழமை என்னுடன் வரச் சம்மதித்தாள். பூர்ஸ் எனும் பழைய பங்குச்சந்தைப் பக்கம் பழங்காசு விற்கும் ஒரு கிழவரிடம் போனோம். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போலி என்று தள்ளிவைத்தார். நான் காசைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தி, எழுத்துகளை மட்டும் பாருங்கள் என்றேன். நெடுநேரம் பார்த்தார். எழுந்துபோய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார்.

ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன், ஜெர்மன் வணிகர்களின் வெள்ளிக்காசு போலந்தில் புழங்கியதாம். அதைப் பார்த்து அங்கேயே அடித்தவற்றில் இது ஒன்று என்றார். வெள்ளி நல்ல வெள்ளி; எடைபோட்டு வாங்கிய காலம் என்பதால் எழுத்தை யாரும் வாசிக்கவில்லை.

"அப்படியென்றால் இது ஜெர்மன் காசு இல்லையா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை மதாம். உங்கள் ஊர்க்காரர் செய்தது."

அவள் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். வெளியே வந்ததும் அழுதாள், பிறகு சிரித்தாள். தகப்பன் அதை எறியாமல் வைத்திருந்ததற்கு வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்களாம்.

காசைத் துளைக்காமல் விளிம்பை மட்டும் நான்கு கொக்கிகள் பிடிக்கும் வெள்ளிக்கூடு ஒன்று செய்துகொடுத்தேன். இரண்டு நாள் எடுத்தது. முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை வடிவாய் இருக்கு என்றார்.

மகளுக்கு இப்போது கொடுக்கப் போவதில்லை என்று அவள் மனதை மாற்றிக்கொண்டாள். காலையில் மெட்ரோவுக்கு ஓடும்போது அவள் கழுத்திலேயே அதைக் காண்கிறேன்.