யஸாரின் வலக்கை

பஸ்ராவின் செங்கல் சூளையில் மண் மிதித்துப் பிழைத்தவர் யஸார். சதுப்பு நிலத்துப் பாஸாமா என்ற சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தவர். இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவி, உழவை விட்டு நகருக்கு வந்தார். புதிதாக மார்க்கத்துக்கு வருபவர் ஓர் அரபுக் குலத்தோடு தம்மை இணைத்துக்கொள்வது அன்றைய வழக்கம். அவர் ஹுரைத் என்ற பெரியவரின் ஆளானார்; உடன் வேலை செய்த மிஹ்ரானின் தங்கை ஜுமானாவை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள்.

ஹுரைத்தின் வீடு மூன்றாகப் பிளந்த வீடு. தலைமை நபியின் குடும்பத்துக்கே உரியது என்பான் மூத்த மகன். பாவம் செய்த தலைவனுக்குக் கீழ்ப்படிவதே பாவம் என்று பிரிந்து சென்றவர்களோடு இளையவன் சேர்ந்துவிட்டான். யார் ஆண்டாலும் சமூகம் சிதறாதிருந்தால் போதும் என்பது தந்தையின் கட்சி. ஒரே தட்டில் உண்பதைக்கூட நிறுத்திவிட்ட அம்மூவரும் ஒன்றை மட்டும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எங்க தொழுகை வரிசையில அரபி, அரபி இல்லாதவன்னு பேதமே கிடையாது, யஸார்."

பின்னர் ஆளுநரின் ஆணை வந்தது. மார்க்கத்தைத் தழுவி நகரில் குவிந்த உழவர் அனைவரும் அவரவர் ஊருக்குத் திரும்ப வேண்டும்; வயல்கள் தரிசாகின்றன, வரி குறைகிறது. திரும்பி வராதிருக்க ஒவ்வொருவர் கையிலும் ஊரின் பெயரை ஊசியால் குத்திக் கரி தேய்த்தார்கள். அரபுப் பெரியவர் ஒருவர் வந்து சொன்னால் மட்டும் சிலரை விட்டுவிட்டார்கள். மூத்த மகன் தலைமறைவாக இருந்தான். இளையவன் போரில் மடிந்திருந்தான். எஞ்சியவர் ஹுரைத்.

"பெரியவரே, இவன் என் ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னா, கலகக்காரன் வீட்டு ஆளான்னு உன்னையும் பிடிப்பான், என்னையும் பிடிப்பான். போய்ட்டு வாப்பா. அல்லாஹ் பாத்துக்குவான்."

ஜுமானாவும் மிஹ்ரானும் மகளும் நகரில் பிறந்தவர்கள்; அவர்கள் போக வேண்டியதில்லை. யஸாரை அன்றே நடத்திச் சென்றார்கள்.

பாஸாமாவில் அவருடைய அண்ணன் ஷம்தா பழைய மதத்திலேயே இருந்தார். தம்பிக்குக் கஞ்சி ஊற்றினார்; கேலியையும் கூடவே ஊற்றினார். "வரிசையா நிக்க ஆளில்லன்னு கவலைப்படாதடா. தொழுவத்துல நாலு மாடு நிக்குது, அதுங்களோட சேந்து நில்லு."

அந்தக் குளிர்காலம் முழுவதும் யஸார் தனியே தொழுதார். வெள்ளம் வடிந்ததும், பேரீச்சம்பழம் ஏற்றிய படகொன்றில் பஸ்ராவுக்குத் திரும்பி வந்தார். வலக்கையில் துணி சுற்றியிருந்தது. மகள் அவரை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னே ஒளிந்தாள். இரண்டாம் நாள் மடியில் ஏறினாள்.

மிஹ்ரான் அவரை வேறொரு சூளையில் சேர்த்துவிட்டார்.

"வெந்த கைன்னு சொல்லிக்குங்க மச்சான். இங்க கட்டுப் போடாத கை எவனுக்கு இருக்கு?"

"தொழுகைக்கு முன்னால கைகால் கழுவி ஒளு செய்யறப்போ?"

"கட்டு மேல ஈரக்கையால தடவிக்குங்க. காயம்பட்டவனுக்கு அனுமதி உண்டுல்ல?"

"காயம்பட்டவனுக்கு. எனக்கு ஆறிப்போச்சே."

"ஆறிப்போச்சுன்னு உங்களுக்கும் அல்லாவுக்கும்தானே தெரியும்!"

"அதான் மிஹ்ரான்."

எனவே கதவைச் சாத்திக்கொண்டு, கட்டை அவிழ்த்து, வீட்டிலேயே ஒளு செய்து, மீண்டும் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். சில வாரங்கள் இவ்வாறு தப்பின.

ஒரு வெள்ளிக்கிழமை, விடியும்வரை சூளையில் நின்றுவிட்டு வந்தவர், பாங்குக்கு முன்பே பள்ளிவாசல் தூணில் சாய்ந்து உறங்கிப்போனார். உறங்கினால் ஒளு முறியும். விழித்தபோது வரிசைகள் நிறைந்துகொண்டிருந்தன. மிஹ்ரான் அவர் சட்டையைப் பற்றினார்.

"நீங்க தூங்கினத யாரும் பாக்கல. பேசாம நில்லுங்க."

"தூங்கினேனே, மிஹ்ரான்."

அவர் எழுந்து தண்ணீர்த் துறைக்குச் சென்று கட்டை அவிழ்த்தார். பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் ஹுரைத். அந்தக் கையையும், பிறகு முகத்தையும் பார்த்த அவர், எழுந்து நான்கு ஆள் இடம் தள்ளிப்போய் உட்கார்ந்தார். நெரிசலான துறையில் ஒரு மனிதனைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருப்பதை ஆளுநரின் காவலன் கண்டான்; அருகே வந்து கையின் எழுத்தைப் படித்தான்.

"தொழுதுட்டு வந்துடறேனே."

"உன் ஊருல போய்த் தொழு."

இம்முறை இடக்கையிலும் எழுதி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நகரைச் சுற்றிக் காவல் பெருகியது; படகுக்காரர்கள் அஞ்சினார்கள். யஸார் பிறகு வரவில்லை. ஜுமானா காத்திருந்தாள், மகளோ காத்திருப்பது யாருக்காக என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சில ஆண்டுகள் கழித்து, யஸார் காய்ச்சலில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு மிஹ்ரான் பாஸாமாவுக்குச் சென்றபோது அவரைப் புதைத்து மண் மூடியாகிவிட்டது. குளிப்பாட்டவும் ஜனாஸா என்ற இறுதித் தொழுகை தொழவும் அவ்வூரில் முஸ்லிம் எவரும் இல்லை. ஷம்தா தமக்குத் தெரிந்த முறையில், மக்காவை நோக்காமல் கிழக்கு நோக்கிப் புதைத்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்த அவரிடம் திசையைப் பற்றிப் பேச மிஹ்ரானுக்கு வாய் எழவில்லை.

"குளிப்பாட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க முறை எனக்குத் தெரியாதுப்பா. தினம் அவன் கையத்தான் முதல்ல கழுவுவான், பாத்திருக்கேன். அதனால ரெண்டு கையையும் நல்லாத் தேச்சுக் கழுவினேன். அந்த எழுத்துதான் போகல."