நாலாவது ஷிப்ட்டின் எட்டு விநாடி

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆல்பம் வெளியானது. ஆமாம், எங்கள் ஆல்பம்தான்... நம்புங்கள்! 'நாலாவது ஷிப்ட் – கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் அப்பாக்களுக்கு மூன்று ஷிப்ட். பாட்டுப் பைத்தியம் பிடித்த பெண்கள் நாலு பேர் நாங்கள் நாலாவது ஷிப்ட். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நாங்களே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடியது மொத்தம் ஆறு பாட்டு. ஆறையும் ஆல்பத்தில் போட்டுவிட்டோம். ஆறுமே ஹிட்டா என்கிறீர்களா? எங்கள் தெருவில் வந்து கேளுங்கள்.

மேடையில் பாட வேண்டாம், பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைப்போம் என்றாள் குரூப் லீடர் ஸ்டெல்லா. இந்த வயதில் அந்த உச்சஸ்தாயி எட்டாதாம். எனக்கு மனசே இல்லை. மாட்டிக்கொண்டால் குவார்ட்டர்ஸ் ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதோடு, ஆறு பாட்டிலும் சேர்த்து நான் தனியாகப் பாடுவதே ஒரு வரி. அதற்கும் வாயசைப்பா?

அந்த வரிக்கு முன்னால் எட்டு விநாடி மௌனம் உண்டு. கலைநயம் எல்லாம் இல்லை... சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டில் பிராக்டிஸ் செய்யும்போது தினமும் அந்த இடத்தில்தான் ஃபேக்டரி சங்கு ஊதும். ஓயும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அதுவே பழகிப்போய், ஆயுத பூஜை விழாவில் – சங்கே ஊதாத லீவு நாளில் – பாடியபோதும் நிறுத்தினோம். அதுதான் கேசட்டில் பதிவாகி, குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு ஓடியது.

சேக்காட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாத்தேதான் ஆல்பத்தைத் தயார் செய்தார். டேப் பழுது என்று நினைத்து அந்த மௌனத்தை வெட்டி ஒட்டிவிட்டார். எங்களிடம் சொல்லவும் இல்லை; நாங்களும் முன்கூட்டியே போட்டுக் கேட்கவில்லை.

மேடையில் என்ன ஆனது? அந்த இடம் வந்ததும் நாலு பேரும் கப்பென்று வாயை மூடினோம். பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது! என் வரி ஸ்பீக்கரில் கணீரென்று கேட்கிறது... நான் வாய் மூடி நிற்கிறேன். அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

பார்த்தால் – எதிரே கைதட்டிக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ் ஜனங்களும் நிறுத்திவிட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்த எட்டு விநாடி மனப்பாடம்! மேடையோரம் பாட்டை ஓடவிட்டுக்கொண்டிருந்த அண்ணாத்தே பதறிப்போய் அதை நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் ரிட்டயர்டு ஃபிட்டர் ஒருவர் வாயைக் குவித்து "ஊ..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், மண்டபமே சங்கு ஊதியது.

சங்கு ஓய்ந்ததும் என் வரியை நானே பாடினேன். குரல் பிசிறடித்தது. அதனால் என்ன? சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வரிக்கு ஸ்டெல்லாவே நிஜமாகப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

கீழே இறங்கியதும் அண்ணாத்தே பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், நடுவுல சங்கு கீதுன்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பிராயச்சித்தமாக, மண்டபத்தில் பதிவான அந்த "ஊ..."வை ஏழாவது பாட்டாகச் சேர்த்து நெட்டில் ஏற்றிவிட்டார். மற்ற ஆறையும் விட அதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம்.

கேட்காமல் என்ன செய்வார்கள்... பாடினவர்கள் அவர்களாயிற்றே!