சத்தம் வரும், பயப்பிடாதேங்கோ

யோகன் அண்ணை இன்று விடியப்புறம் போய்விட்டார். நித்திரையில். மாரடைப்பாம்.

நேற்றுப் பின்னேரம் என் பேனையை எடுத்துக்கொண்டு போனவர்...

தெரியாதவர்களுக்கு: திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நாங்கள் இருவரும் கிளார்க். கம்பஸ் முடித்து வந்த எனக்கு அவருடைய பக்கத்து மேசை.

லிங்கநகரில் அவருடைய முற்றத்தில், கோழிக்கூட்டுக்கு அருகே, ஒரு பழைய மினி கூப்பர் நிற்கிறது. ஒரு காலத்தில் ரேஸ் ஓடிய கார். இரட்டைக் காபரேட்டர். நாட்டை விட்டுப் போன ஒரு டொக்டரின் கராஜில் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குக் கீழேதான் கிடப்பார்.

கதவு பச்சை. பொனெட் சாம்பல். மிச்சமெல்லாம் துருச் சிவப்பு.

அவருடைய மனைவி மலர் அக்கா சொல்வார்: "இது காரில்லைத் தம்பி, வெள்ளிக்கிழமைச் சாம்பார்."

அண்ணைக்கு வேண்டியது ஒன்றுதான். மலர் அக்காவை அந்தக் காரில் இறக்கக்கண்டிக்கு, அவருடைய அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "ஒரு நாள் ரேஸ் காரில கூட்டிக்கொண்டு போவன்" என்று கலியாணத்துக்கு முதலே சொன்ன கதை.

சிக்கல் என்னவென்றால்... வேகமாக மிதித்துவிட்டுச் சட்டென்று காலை எடுத்தால், அந்தக் கார் சைலன்சருக்குள் வெடிக்கும். டப்.

ரேஸ் ஓடுகிறவர்களுக்கு அது சங்கீதம். சென்றியில் துவக்கோடு காவல் நிற்கிற ஆமிப் பொடியனுக்கு அது வேறு.

என்ஜினுக்கு முதல்முதல் உயிர் வந்த ஞாயிறு. மிதித்தார். காலை எடுத்தார். டப், டப்.

ஒழுங்கைச் சனம் முழுக்க நிலத்தில் விழுந்து படுத்தது. நானும். மண்ணில் கன்னத்தை வைத்தபடி பார்த்தேன்: அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

சந்திச் சென்றியில் இருந்து ஆமிக்காரர்கள் ஓடிவந்தார்கள். நாங்கள் கையை உயர்த்திக்கொண்டு நின்றோம். அண்ணையின் உயர்த்திய கையில் ஸ்பானர்.

"அதைக் கீழ போடுங்கோ!" மலர் அக்கா குசினி வாசலில் நின்று கத்தினார்.

"ஸ்பானர்தானே..."

"அது அவங்களுக்குத் தெரியுமே? போடுங்கோ எண்டுறன்!"

போட்டார். கோப்ரல் பொனெட்டைத் திறக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இது எவ்வளவு ஸ்பீட் போகும்?"

அண்ணையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் வீடு வீடாகப் போவார். "இண்டைக்குப் பின்னேரம் காரை ஸ்டார்ட் பண்ணப்போறன். சத்தம் வரும், பயப்பிடாதேங்கோ."

கடைசியாகச் சென்றிக்கு. கோப்ரல் கேட்பார்:

"ஐயா, கார் வருத்தம் இன்னும் சுகம் இல்லையா?"

"ஓம். இருமல் மட்டும் கிடக்கு."

சைலன்சர் பைப் பொருந்துகிற இடத்தில் காற்றுப் புகுவதால்தான் வெடிக்கிறது என்று கண்டுபிடித்தார். இடைவெளியை அடைக்கப் புதுக் காஸ்கட் வேண்டும். கொழும்பில் கேட்டால் சிரித்தார்கள். ஒரு சிமெந்துக் கப்பலின் என்ஜினியர் தன்னிடம் மிஞ்சிக் கிடந்த காஸ்கட் ஷீட் ஒன்றைக் கொடுத்தார். அண்ணை அதை மலர் அக்காவின் தையல் கத்தரிக்கோலால் வெட்டினார்.

காஸ்கட் பொருந்தியது. கத்தரிக்கோல் போனது. வீட்டில் கொஞ்ச நாள் பேச்சு இல்லை.

போன சித்திரையில் இறக்கக்கண்டிக்குப் போனோம். மலர் அக்கா முன்னால். நான் பின்னால், முழங்கால் நாடியில் முட்ட.

ஒவ்வொரு சென்றிக்கும் முன்னால், தூரத்திலேயே நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கித் தள்ளினோம்.

"காஸ்கட்டில நம்பிக்கை இல்லையே அண்ணை?"

"காஸ்கட்டில இருக்கு. அவங்கட விரலிலதான் இல்லை."

திருகோணமலையின் ஆக வேகமான கார்... நடை வேகத்தில். ஓரிடத்தில், பழுதான கார் என்று பாவம் பார்த்து ஆமிக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். அண்ணை நன்றி சொன்னார்.

நிலாவெளி தாண்டி, கடைசிச் சென்றியும் தாண்டி, நேர் ரோட். வலப்பக்கம் கடல்.

மிதித்தார்.

என் முதுகு சீட்டுக்குள் போனது. மலர் அக்காவின் கொண்டை அவிழ்ந்து என் முகத்தில் அடித்தது. அம்மா வீட்டுச் சந்தி தெரிந்தது. இனிக் காலை எடுப்பார் என்று காதைப் பொத்தினேன்.

"காலை எடுக்காதேங்கோ," என்றார் மலர் அக்கா. "இன்னும் கொஞ்சம்."

எடுக்கவில்லை. சந்தி பின்னால் போனது. பிறகுதான் எடுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும்.

"கேட்டதோ?"

"ஒண்டும் கேக்கேல்லை அண்ணை."

"அதுதான்!"

இன்று காலை போனபோது மலர் அக்கா காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

செத்தவீட்டில் வெடி கொளுத்த இப்போது ஆமி விடாது. பறை மட்டும்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, அந்தக் காஸ்கட்டைக் கழட்டிவிடு," என்றார். "நாளைக்கு அவரை எடுக்கேக்குள்ள நான் ஸ்டார்ட் பண்ணுவன். மனுசன் சத்தமில்லாமல் போகேலாது."

"அக்கா, சென்றி..."

"சொல்லிப்போட்டன்."

பழைய கோப்ரல் மாறிப் போய்விட்டார். புதியவருக்கு அக்கா முதலில் இருந்து விளங்கப்படுத்தினாராம். அவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தாராம். எவ்வளவு ஸ்பீட் போகும் என்று அவரும் கேட்டாராம்.

நான் ஸ்பானரோடு போகிறேன்.

லிங்கநகரில் இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலும் அயலிலும் சொல்லிவிடுங்கள். நாளை பின்னேரம் கார் ஸ்டார்ட் பண்ணப்படும். சத்தம் வரும். பயப்பிடாதேங்கோ.

போயிட்டு வாங்கோ, யோகன் அண்ணை.

காலை எடுக்காதேங்கோ.